அக்கரை தெளிவாகத் தெரிகிறது

கோலியர்ஸ் வுட், லண்டன்
12 ஜனவரி 2025

மிஷன் ஆஸ்பத்திரியே வீடாகிப்போன என் டொலறஸ் அக்காவுக்கு,

உங்கள் ஊரில் இன்டர்நெட்டை நிறுத்தியபின் உங்கள் குரலைக் கேட்கவில்லை. மிஷன் விமானத்தில் இது வந்து சேரும் என்று நம்புகிறேன்.

கம்பனியில், துவக்குகளில் பூட்டும் தொலைநோக்கிகளைச் சோதிக்கும் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். முதல் தொகுதி நீங்கள் இப்போது இருக்கும் நாட்டின் விசேட காலாட்படைக்குத்தான் போகிறது. பயப்படாதீர்கள். மன்னாரில் அப்பாவை ஆளைத் தெரியாமல்தானே சுட்டார்கள்? தெளிவாகத் தெரிந்தால் அப்படி நடக்காது.

தம்பி றூபன்

6 பெப்ரவரி

அன்புத் தம்பி,

கோயிலுக்குப் போகிறாயா, வீட்டில் மரினா சுகமா, ஒன்றும் எழுதவில்லையே.

உன் தொலைநோக்கிகள் வந்துவிட்டன. எங்கள் ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஆறு, அதன் அக்கரையில் கிளர்ச்சிக்காரரின் ஊர்கள். அங்கிருந்து நோயாளிகள் படகில் எங்களிடம் வருவார்கள். இக்கரை மலையில் நின்ற அரசுப் படையினரின் பழைய துவக்குகளுக்கு ஆறு எட்டாது. இப்போது புதுத் துவக்குகளோடு நீ சொன்ன விசேட காலாட்படை ஏறியிருக்கிறது. கைக்காயத்துக்கு மருந்து கட்ட வந்த ஒருவன், "அக்கரையில் நிற்பவரின் பல்கூடத் தெரிகிறது, சிஸ்டர்" என்று சிரித்தான்.

அடுத்த தொகுதியை நிறுத்தச் சொல்ல உனக்கு ஏலுமா?

அக்கா

லண்டன்
21 பெப்ரவரி

அன்புள்ள அக்கா,

மனேஜரிடம் கேட்டேன். ஆயுதம் ஏந்தியவர்களை மட்டுமே சுடுவதாக அந்த அரசு உறுதி தந்திருக்கிறதாம். சோதனைச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவர் போடுவார். அடுத்த தொகுதி மார்ச் தொடக்கத்தில் போகிறது. அதற்கு முன் வெளிக்கிட்டு இங்கே வாருங்கள். மரினா அறைகூட ஒதுக்கிவிட்டாள். அதுவரை படகில் ஏறாதீர்கள்.

றூபன்

18 மார்ச்

றூபன்,

படகில் ஏறவேண்டாம் என்று எழுதினாய். அப்படியென்றால் உனக்கே தெரிந்திருக்கிறது.

நேற்றுக் காலை ஒரு பிள்ளைத்தாச்சியும் அவளுடைய தாயும் அக்கரையிலிருந்து படகில் வந்துகொண்டிருந்தார்கள். நடு ஆற்றில் தாய் சூடுபட்டு விழுந்தாள். பிறகு படகோட்டி. அந்தப் பெண்ணோடு படகை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மலைக்கு ஏறிப்போய்ச் சத்தம் போட்டேன். நான் மருந்து கட்டிய அதே பெடியன், "பெண்கள் என்று தெரிந்தது, சிஸ்டர். ஒருவரையும் கடக்கவிடக்கூடாது என்பது கட்டளை" என்றான்.

அப்பாவையும் ஆளைத் தெரிந்துதான் சுட்டார்களோ?

அக்கரையில் இன்னும் சனம் நிற்கிறது. படகோட்ட ஆளில்லை. நாளை நான் போகிறேன். இனி உன் வேலையைப் பற்றி எனக்கு எழுதாதே.

டொலறஸ்

லண்டன்
14 ஏப்ரல்

அக்கா,

வேலையை விட்டுவிட்டேன். ஆனால் இரண்டாவது தொகுதி முன்பே போய்விட்டது, என் கையெழுத்தோடு.

இல்ஃபோர்ட்டில் உங்கள் சபை மடத்துக்குப் போனேன். மதர் இம்மாகுலேற் என்னை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். "அங்க மிஷன் விமானத்தை இறங்க விடுறாங்கள் இல்லை, தம்பி. மூண்டு கிழமையா ஒரு சேதியும் இல்லை" என்றார். உங்கள் ஆஸ்பத்திரியில் உள்ள சிஸ்டர்மாருக்கு வரும் கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறார்களாம். இந்தக் கடிதத்தையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

றூபன்