மாமா நம்பிய கட்டுரை

டத்தோ கிராமாட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அப்பா எழுதுவது. டப்ளின் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் சுகம்தான், ஆனால் வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுத முடியவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அர்ஜுனன் மாமாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பிறையில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பூட்ஸ் உரசி வந்த சின்னப் புண், சர்க்கரை ஏறிக் கிடந்ததால் அழுகிவிட்டது. காலுறையைக் கழற்றியபோது வந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. டாக்டர் விசாரித்தபோதுதான் தெரிந்தது, மாமா மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தி மாதக்கணக்காகிறது. சர்க்கரையை விரட்டும் மூலிகைச் சாறு, கட்டாயம் படிங்க என்று குடும்பக் குழுவில் ஒரு கட்டுரை அனுப்பினாயே, அதற்குப் பிறகுதான்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது நானும் அதை முழுக்கப் படித்தேன். முக்கால்வாசியும் மருந்துக் கம்பெனிகள் கொள்ளையடிக்கின்றன என்ற வசவு. அது உண்மை என்றே வைத்துக்கொள், அதனால் இந்தச் சாறு நோயைத் தீர்க்கும் என்று எப்படி ஆகும்? பிறகு நம் முன்னோர் பெருமை, படிக்கிறவனுக்கு நெஞ்சு நிமிரும், அதிலும் சாறு வேலை செய்யும் என்பதற்கு ஒன்றுமில்லை. ஆதாரம் என்று இருப்பது புக்கிட் மெர்தாஜாமில் நோர்மா என்ற பெண் குணமான கதை ஒன்றுதான். அவள் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டாளா, குடித்தும் குணமாகாதவர்கள் எத்தனை பேர், ஒரு வரி கிடையாது. கடைசியில் சாறு விற்கிறவனின் போன் நம்பர். சீ! ஒரு மனிதனின் காலை அழுக வைக்க இவ்வளவு போதுமா?

ஏன் நம்பினாய் என்று மாமாவிடம் கேட்டேன். "கட்டுரைய நான் எங்க மச்சான் முழுசாப் படிச்சேன், யுகேன் அனுப்புனதுலா, படிச்ச புள்ள, பாக்காமயா அனுப்புவான்னு நெனச்சேன்" என்றார். அதில் இல்லாத பலத்தை உன் பெயர் கொடுத்துவிட்டது, தம்பி. நீயாவது அதைக் கடைசிவரை படித்தாயா? தலைப்பைப் பார்த்துத் தட்டிவிட்டிருப்பாய். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினான், திட்டாதீங்க என்று அம்மா அழுகிறாள். மாமாவோ, தம்பிக்குச் சொல்லாதீங்க, மனசு ஒடஞ்சிடுவான் என்கிறார். உடையட்டும் என்றுதான் சொல்கிறேன். இனி எதைப் படித்தாலும், சொன்ன காரணமும் சொன்ன முடிவும் ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறதா என்று பார், உன் கோபத்தையோ பெருமையையோ கிளறினால் இன்னொரு தடவை பார்.

இதைவிட அசிங்கம் ஒன்று. துளசி சித்தி ஆஸ்பத்திரிக்கு வந்து மாமாவின் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டுப் போனாள். மறுநாளே, தனக்கும் சர்க்கரை இருக்கிறதே, அந்தச் சாறு எங்கே கிடைக்கும் என்று குழுவில் கேட்கிறாள். மாமா ஒழுங்காகக் குடித்திருக்க மாட்டாராம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், "யுகேன் வந்து சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, நல்லா இரு, அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. முதலில் மாமாவுக்குப் போன் செய். பிறகு அதே குழுவில், உன் பெயரிலேயே, நான் படிக்காமல் அனுப்பினேன் என்று எழுது. இன்றைக்கே எழுது, சித்தி பர்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடப் போகிறாள்.

உன் அப்பா,
மோகனராஜ்