துரை பங்களாப் புல்லில் விழுந்த சாம்பல்

மச்சான்,

இன்று விடிகாலையில் மகன் வீட்டு வாசலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கம்போங் ராஜாவில் அவன் வீட்டுக்கு முன்னால் பாய் அகலத்துக்குப் புல் வளர்த்திருக்கிறான். அதன் மேல் அங்கங்கே வெள்ளையாக, யாரோ திருநீற்றைத் தூவிவிட்டுப் போனதுபோலப் படிந்திருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும், முதலில் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகுதான் உன்னை நினைத்தேன்.

எனக்கு எழுத்து வராது என்பது நீ அறிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று அவ்வப்போது வாசிக்கச் சொல்கிறேன். "யாரையுமே நம்ப மாட்டீங்களா மாமா?" என்கிறாள். ஒரு காலத்தில் நம்பினேன். அந்தத் துரை பங்களாப் புல் காய்வதற்கு முன்னால்.

எழுபதுகள் முடிகிற நேரம் அது. எனக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் புல் பார்க்கிற வேலை. உனக்குப் பகலில் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியாண்டி கோயில் பூசை. எத்தனை குளித்தாலும் மருந்து நெடியும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாடை உன்னை விட்டுப் போகாது. பங்களாச் சரிவின் அடியில்தான் முனியாண்டி கல் இருந்தது. துரைசாணிக்குப் புல்வெளியை அதுவரை இறக்க ஆசை. கல்லை வேறு இடத்துக்கு மாற்று என்று துரை உன்னிடம் சொன்னார். "அவரு வந்து உக்காந்த எடம்ங்க தொர. நான் வச்ச எடமில்ல" என்று சொல்லிவிட்டு, மருந்துப் பம்பைத் தூக்கிக்கொண்டு நீ போய்விட்டாய்.

அந்த மாதமே புல் காயத் தொடங்கியது. முதலில் காசளவு வட்டம், வைக்கோல் நிறத்தில். பிறகு உள்ளங்கையளவு. பிறகு வட்டமும் வட்டமும் ஒட்டிக்கொண்டு, சொறி பிடித்த நாயின் முதுகுபோல ஆகிவிட்டது. விடிகாலையில் பார்த்தால் வட்டங்களின் மேல் வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறினால் இருக்காது. ஒருநாள் காலையில் அதைப் பார்த்த தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி, மிதித்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மந்திரிச்ச சாம்பல்பா இது. பூசாரி கைவேல."

மத்தியானத்துக்குள் நம் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்க அதே பேச்சு. துரைக்குச் சாம்பலில் நம்பிக்கை இல்லை. அவருக்கு வேறு சந்தேகம்: நீ பம்பில் களைக்கொல்லியைக் கொண்டுவந்து புல்லில் அடித்துவிட்டாய் என்று. ஆக, சாமியை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவருக்கும் குற்றவாளி நீ ஒருவன்தான். "மாசக் கடைசி வரைக்கும் தொர பாப்பாரு. நீ இல்லன்னு தெரியலன்னா மூட்டையக் கட்டிக்க" என்று கிராணி எல்லோர் முன்னாலும் சொன்னார். வேலை போனால் லயத்து வீடும் போகும். உன் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

நானும் சந்தேகப்பட்டேன். மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நேரிலேயே கேட்டேன்.

"நீதானா மச்சான்?"

"புல்லுக்குக் காவல் நீ. பங்களா கேட்டுச் சாவி ஒன் இடுப்புல. என்னையக் கேக்குறியா?"

"என் புல்ல நானே சாகடிப்பேனா?"

"யாரு கண்டா லா. மருந்தடிக்கிற வேலைதான் லேசுன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்க. என்னைய வெரட்டிட்டா பம்பு ஒனக்குத்தான?"

யார் என்று நானே பிடித்துவிடுவதென்று முடிவு செய்தேன்.

மறுநாள் கருக்கலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலி ஓரம் உட்கார்ந்தேன். மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. செடி விலகுகிற சத்தம் கேட்டது. பாய்ந்து பிடித்தேன். பிடிபட்டவனும் என்னைப் பிடித்தான். "மாட்டுனியா!" என்று இருவரும் ஒரே வாயாகக் கத்தினோம். நீ என்னைப் பிடிக்க வந்திருக்கிறாய், நான் உன்னைப் பிடிக்க.

ஒருவரை நம்பி ஒருவர் விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே குந்தியிருந்தோம். வெளிச்சம் வந்தது. யாரும் வரவில்லை. ஆனால் பனித்துளிக்கு நடுவே வெள்ளை கிடந்தது. நீ குனிந்து தொட்டுப் பார்த்தாய்.

"திருநீறுன்னா வெரல்ல ஒட்டும் மச்சான். இது செலந்தி நூல் மாதிரி சுருளுது."

நான் ஓடிப்போய்த் துரையை எழுப்பிக் கூட்டி வந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் ஏறி, வெள்ளை மறைந்தது. அன்றே தானா ராத்தா டவுனிலிருந்து விவசாய அதிகாரி வந்தார். மலாய்க்காரர். ஒரு புல்லிதழைக் கிள்ளிக் காட்டினார்: நடுவில் வெளுத்து, ஓரம் செங்காவியாக ஒரு புள்ளி. "குலாட்" என்றார். நம் பேச்சில் பூசணம். இரவெல்லாம் ஈரம் காயாத புல்லில் வருமாம். சாயங்காலத்தில் தண்ணீர் விடுவது யார் என்று கேட்டார். கிராணி என்னைப் பார்த்தார். நான் துரையைப் பார்த்தேன். சாயங்காலத் தண்ணீர் துரைசாணியின் உத்தரவு என்பதால் துரை மலையைப் பார்த்தார்.

இனிக் காலையில் மட்டும் தண்ணீர். விடிந்ததும் நீள மூங்கிலைப் புல் மேல் இழுத்துப் பனியை உதிர்க்க வேண்டும். வெட்டிய புல்லை அங்கேயே போடாமல் அள்ளிவிட வேண்டும். நோய்ப்புல்லில் ஓடிய புல்வெட்டும் மெஷினைக் கழுவாமல் நல்ல புல்லில் விடக் கூடாது. பட்டினி கிடக்கும் புல்லைத்தான் அது சீக்கிரம் பிடிக்கும் என்று கொஞ்சம் உரமும் போடச் சொன்னார். கடைசியாக, லெம்பா பெர்த்தாம் தோட்டங்களில் பூசணத்துக்காகத் தக்காளிக்கு அடிக்கிற மஞ்சள் பவுடர். அதை அடித்தது நீ. உன் பம்பை இரண்டு தரம் கழுவச் சொல்லி, துரையே முகர்ந்து பார்த்த பிறகுதான் அடிக்க விட்டார்.

புல் பிழைத்தது. உன் வீடு உனக்குத் தங்கியது. கல்லை மாற்றும் பேச்சைத் துரை அப்புறம் எடுக்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கிராணி ஒரு சேவலோடு கோயிலுக்கு வந்தார்.

"குலாட்டுன்னு அதிகாரி சொன்னாரே சார்?" என்றேன்.

"சொன்னாருப்பா. அதுக்காக முனியாண்டிகிட்ட வம்பு வச்சுக்க முடியுமா?"

நீயோ சேவலை வாங்கிக்கொண்டாய்.

துரையைக் கூட்டி வந்து உனக்காகப் பேசியபோது ஒன்றை நான் சொல்லவில்லை. அன்று கருக்கலில் நீ புல்லைத் தொட்டது இடக்கையால். வலக்கை உன் கம்பளிக்குள் பொத்தி மூடியபடியே இருந்தது. துரை வந்து, பார்த்து, நாம் பிரியும் வரை அதை நீ திறக்கவே இல்லை. பல வருஷம் கழித்து, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோதுதான் கேட்டேன்.

"அன்னிக்கு வலக்கையில என்ன வச்சிருந்த?"

"குளிரு லா மச்சான்."

"குளிரு ரெண்டு கைக்குந்தான?"

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகித் தாதி என்னை வெளியே அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு பேசாமலே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

கையில் இருந்தது சாம்பலே என்றாலும் புல்லைக் கொன்றது அது இல்லை. அது எனக்கு நிச்சயம். நிச்சயமில்லாதது வேறு. நீ என்னைப் பிடிக்கத்தானே வந்தாய்? அப்படியானால் அது யாருக்காக மந்திரித்தது? துரைக்கா, எனக்கா? இல்லை, வீடு போகக் கூடாது என்று நீயே பூசிக்கொள்ள எடுத்து வந்ததா?

எந்தக் கோயிலுக்குப் போனாலும், திருநீறு தருகிறவரின் கை விரிந்ததைப் பார்த்த பிறகுதான் இன்றும் தலை குனிகிறேன். முனியாண்டிக்கு இப்போது உன் மகன் பூசை செய்கிறான். திருநீற்றை மூடிய கையோடு உன்னைப் போலவே நடந்து வருகிறான். அவனிடம் மட்டும் கை விரியுமுன்னே நான் கண்ணை மூடித் தலை குனிகிறேன்.