எதிர் நாற்காலி

அன்புள்ள ஒத்தாவியோ,

கண் அறுவை முடிந்து மூன்று வாரம் கழித்து, ஞாயிறன்று காப்பிக் கடைக்குச் சீட்டாட வந்தேன். உனக்கு எதிரே, உன் ஆட்டக் கூட்டாளியாக நாற்பது வருடமாக நான் உட்கார்ந்த நாற்காலியில், மடத்து அகதிப் பையன் பகாரி இருந்தான்.

"என்ன வாத்தியாரே, உங்க எடத்த ஆப்பிரிக்கா புடிச்சிருச்சு போல," என்றான் கடைக்காரன். பகாரி எழுந்தான். "நீங்க உக்காருங்க சார்."

"ஆட்டம் முடியட்டும்டா," என்று அவனை உட்காரவைத்தாய் நீ.

அதுகூடப் பரவாயில்லை. கையில் ஏஸ் இருப்பதைச் சொல்ல இடது காதைத் தொட்டாய். நம் இருவருக்கு மட்டுமான சைகை அது. அவன் உடனே சரியான சீட்டைப் போட்டான். எனக்கு அது பழக ஆறு மாதம் ஆயிற்று.

வெளியே சதுக்கத்தில், பழைய மடத்தில் தங்கியிருக்கும் அகதிகளை அனுப்பிவிடக் கோரும் மனுவோடு கட்சிக்காரி மிரெல்லா இருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார். நம்ம எடம் நமக்கே இல்லாமப் போச்சுல்ல?"

கையெழுத்திட்டேன். நாற்பத்தோராவது பெயர்.

நான் படுத்திருந்தபோது நீ கொடுத்தனுப்பிய சூப்பைத் தினமும் கொண்டுவந்தவன் பகாரிதான். வீட்டில் உன் பாத்திரத்தைப் பார்த்த பிறகே அது நினைவுக்கு வந்தது.

நாளை பத்து மணிக்கு மனு நகராட்சிக்குப் போகிறது. ஒன்பதுக்கே சதுக்கத்துக்குப் போய், மனுவில் என் பெயரை அடித்துவிட வேண்டும். மிரெல்லா முன்னால் எனக்குப் பேச்சு வராது. நீயும் வா. நான் தயங்கினால் காதைத் தொடு. எனக்குப் புரியும்.

இன்னும் பொறாமை தீராத,
உன் கூட்டாளி