கட்டிலுக்கு ஐந்தாவது ஆள்

மார்ச் 24, திங்கள்

காலையிலேயே அனல். ராயகிரி பேருந்தில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. மேற்கே மலை முழுக்கப் பழுப்பு. சரிவில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கிறது.

இந்த வாரம்:
– மலையடித் தெருவில் பாக்கி ஒன்பது வீடு, கணக்கெடுப்பு
– தீத்தடுப்புக் கோட்டில் (மலையடியில் புல் செதுக்கிய பட்டை) மறுபடி சருகு. வனக்காப்பாளரிடம் மறுபடி கேட்க
– தெருவைக் காலி செய்ய நேர்ந்தால் போகும் இடம்: ஓடைக்கு அந்தப்புறத்து ஊரின் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை சரி என்றுவிட்டார். சாவி வாங்க
– தாமாக நடக்க முடியாதவர்கள் பட்டியல்
– அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை

வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அடையாள அட்டையில் 'காட்டுத்தீ முன்னேற்பாடு, ஒருங்கிணைப்பாளர்'. அம்மா அக்கம்பக்கத்தில் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதுவும் நல்லதுதான்.

பட்டியலில் இன்று ஒருவர் சேர்ந்தார். மலைப்பக்கம் கடைசி வீடு, செல்லத்துரை. தென்னை ஏறியவர். மூன்று வருடம் முன்னால் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மனைவி முத்துலட்சுமி எலுமிச்சைத் தோப்பில் காய் பொறுக்கப் போகிறார். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை இவர் தனி. வாசலில் நார்க்கட்டில், மலையைப் பார்த்தபடி. பக்கத்தில் அடுப்படிக்கான ஓலைச் சாய்ப்பு. அதை ஒட்டி முள்வேலி. வேலிக்கு அப்பால் புல்.

தீ வந்தால் உங்களை யார் தூக்குவார்கள் என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டுவிட்டேன்.

"வந்தா சொல்லி விடுங்க மேடம். ரெடியா இருக்கேன். எங்கேயும் போயிற மாட்டேன்."

சிரித்துவிட்டேன். திரும்பும் வழியில் மடியில் விரித்த நாவல் சங்கரன்கோவில் வரை அதே பக்கத்தில்.

மார்ச் 27, வியாழன்

தெரு வாட்ஸப் குழுவில் 38 பேர். காலை வணக்கம், ரோஜாப்பூ, கோயில் கொடைத் திருவிழா அழைப்பிதழ் மூன்று முறை, யாரோ விற்கும் வெள்ளாடு. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எழுதினேன்: 'தீ தொடர்பில்லாத பதிவு வேண்டாம்.' பதிலுக்கு ஒன்பது கும்பிடு.

செல்லத்துரை அண்ணனைத் தூக்க நால்வர் கிடைத்தார்கள். இசக்கிமுத்துவும் அவன் கூட்டாளிகள் மூவரும். எலுமிச்சை மூட்டை ஏற்றுகிறவர்கள், பகலில் தெருவை ஒட்டியே இருப்பவர்கள். ஓடை மணலில் வண்டி இறங்காது; கட்டிலோடு தூக்கித்தான் ஆக வேண்டும். தெருவிலேயே திடமான நாலு பேர். பெயர் எழுதும்போது ஒரு நிம்மதி.

புத்தகங்களில் தீ வேறு எதையாவது குறிக்கும். கோபம், ஆசை, ஏதோ ஒன்றின் முடிவு. இங்கே அது எதையும் குறிக்கவில்லை. காய்ந்த புல், மேல்காற்று, முன்னால் ஒரு கட்டில். அவ்வளவுதான்.

மார்ச் 30, ஞாயிறு

ஒத்திகை. வெயில் ஏறுமுன்.

நால்வரும் ஆளுக்கொரு காலாகப் பிடித்துக் கட்டிலைத் தூக்கியதும் முத்துலட்சுமி அக்கா குறுக்கே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கீழ வைங்கலே. உசுரோட இருக்க மனுசன நாலு பேரா தூக்குவீங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு பேர் சேர்ந்து தூக்குவது எதை என்று.

"ஒத்திகைதானட்டி," என்றார் கட்டிலில் கிடந்தவர். "ஒரே கூலியில ரெண்டு ஒத்திகையும் முடிஞ்சிரும்லா."

இசக்கி மட்டும் சிரித்தான், பிறகு அவனும் நிறுத்திவிட்டான். ஐந்தாவதாக ஒரு கை பட்டால்தான் ஆச்சு என்று அக்கா தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார். ஐந்து பேராக ஓடையைத் தாண்டி, பள்ளிக்கூட வாசல் வரை. பதினான்கு நிமிடம்.

தெருவை ஒட்டிய மக்காச்சோளப் புஞ்சையில் வேலுச்சாமி அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். புஞ்சை அவருடையது, கொடை நடத்துகிறவரும் அவரே. ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க வந்தது, அவர் மட்டும் கட்டில் பக்கம் வரவில்லை. அறுவடை முடிந்து நெஞ்சளவு நிற்கும் காய்ந்த சோளத் தட்டைக்கு நடுவில் ஆட்டுக்காரரோடு பேசியபடியே இருந்தார்.

படிவத்தில்: ஒத்திகை திருப்தி. அதன் கீழ் பென்சிலில்: வேலை நாளில் அக்கா தோப்பில் இருப்பார். ஐந்தாவது ஆள்?

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று ஊரில் கால்நாட்டு, கொடைக்குப் பந்தக்கால் ஊன்றும் நாள். அடுத்த செவ்வாய் கொடை. எனக்குத் தெரியாது. போய் இறங்கியதும் மேளச் சத்தம், வேப்பங்குழை, கோயில் முன்னால் ஓலைப் பந்தல்.

இசக்கியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, விரதக் காப்பு. மற்ற மூவர் கையிலும். தூக்கத் தெம்புள்ள வேறு ஆண்கள் கையிலும்.

"இனி ஓடையத் தாண்டப்படாது மேடம். காப்பு அவுக்குத வரைக்கும் ஊர் எல்லைக்குள்ளதான்."

தீ வந்தால்?

"அம்மன் இருக்கா." பிறகு கயிற்றைத் திருகிக்கொண்டே: "எனக்கும் ரோசனையாத்தான் இருக்கு."

நாற்பத்தொரு வீட்டிலும் தண்ணீர், சிலிண்டர், மாடு, ஆடு, மருந்து எல்லாம் கேட்டேன். கொடை எப்போது என்று கேட்கவில்லை. திடமானவர்களாகப் பார்த்து எடுத்தேன். திடமானவர்கள்தான் காப்புக் கட்டுவார்கள். அம்மா பிறந்த ஊரிலும் இதே வழக்கம். அழைப்பிதழ் என் கைக்கே மூன்று முறை வந்தது. நான்தான் அழித்தேன்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பழக்கவழக்கத்துக்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லையாம். 'பாதுகாப்பான இடம்' என்றால் நிரந்தரக் கட்டடம். பள்ளிக்கூடமே இருக்கட்டும் என்றார்கள்.

இருக்கட்டும். அங்கே செல்லத்துரை அண்ணனை யார் கொண்டுபோவது?

ஏப்ரல் 2, புதன்

வெயில் அதிகம். நேற்றுத் திரும்பும்போது தெற்கே வேறொரு மலையில் மெல்லிய சிவப்புக் கோடு. பேருந்தில் ஒரு பெண் குழந்தைக்கு அதை 'அந்தா பாரு, லைட்டு' என்று காட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

எல்லைக்குள்ளேயே ஒரு இடம் இல்லையா என்று கேட்டது முத்துலட்சுமி அக்கா. இருவரும் தெருவைச் சுற்றி நடந்தோம். கோயில்: முன்னால் ஓலைப் பந்தல். கண்மாய்: உள்ளே முழுக்கக் கருவேல முள். வீடுகள்: பாதி ஓலை. மிச்சம் வேலுச்சாமி அண்ணாச்சியின் புஞ்சை. தட்டையோடு நின்றால் அதுவே முதலில் எரியும். உழுது போட்டால் வெறும் மண். எரிய ஒன்றும் இல்லை.

அவரிடம் போய்க் கேட்டேன். மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்தார். கொடை கழிந்ததும் கிடை போட ஆட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆடு தட்டையைத் தின்னும், நிலத்துக்கு எரு ஆகும். மழை விழாமல் உழுதால் கட்டி கட்டியாகத்தான் பெயரும். கொடை கழியட்டும், பார்ப்போம். இத்தனையும் மோர்ச் செம்பைப் பார்த்தபடி சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்:

"அண்ணாச்சி தோப்புத் தென்னையில இருந்துதான் இவரு விழுந்தாரு. அன்னைலேருந்து எங்க வாசல்ல அவரு கால் வச்சதில்ல. இவரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

ஏப்ரல் 3, வியாழன்

செல்லத்துரை அண்ணன் என்னையே வேலுச்சாமி அண்ணாச்சியின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார். ஸ்பீக்கரில். கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

"அண்ணாச்சி, செல்லத்துரை பேசுதேன்."

போனை அவர் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தேன்.

"சொல்லுடே."

"கொடைக்கு வாணம் விடுவீங்கள்லா? பொறி தட்டையில விழுந்தா பந்தல் வரைக்கும் பிடிச்சிரும். அம்மன் காரியம். உழுது போட்டிருங்க."

"ஆட்டுக்காரன்ட்ட சொல்லிட்டனேடே."

"முன்னாலயே வந்து மேச்சுட்டுப் போட்டும்."

அந்தப்பக்கம் அண்ணாச்சி செருமினார்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"மேல்பாதி நல்லா இருக்கு அண்ணாச்சி."

தனக்காக ஒரு சொல் இல்லை. அந்த மனிதர் சம்மதிக்க ஒரு காரணத்தையும் இவரே கொடுத்துவிட்டார். போனை வைத்ததும் தூக்கம் வருகிறது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கணக்கெடுப்புத் தாள்களை அடுக்குவதுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 5, சனி

நேற்றும் முந்தாநாள் மாலையும் புஞ்சை முழுக்கச் செம்மறி. இன்று டிராக்டர். பானை அளவு கட்டிகள். நடந்தால் கால் பிரளுகிறது. இருந்தாலும் மண். வெறும் மண்!

கட்டிலில் இருந்து புஞ்சையின் நடு வரை என் காலடியில் 210. ஓடை குறுக்கே வராது. காப்புக் கட்டிய நால்வரும் சரி என்றார்கள். ஐந்தாவது ஆளுக்கு இன்னும் பெயர் இல்லை.

இன்னொன்று. பட்டியலில் 'தூக்கப்பட வேண்டியவர்' என்று எழுதிய மனிதர்தான் பகல் முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். தெருவில் வேறு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மலையில் மூன்று மடிப்பு, எந்த மடிப்பில் என்ன மரம், எந்நேரம் எங்கே நிழல் விழும், எல்லாம் அவருக்குத் தெரிகிறது. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்குக் கூப்பிட்டு மலை எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"சும்மாதான கெடக்கேன் தங்கச்சி."

மேடம் போய்விட்டது.

ஏப்ரல் 7, திங்கள். மாலை 6.30

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பகல் 1.20. சங்கரன்கோவில் மருந்துக்கடை, அம்மாவின் மாத்திரை. செல்லத்துரை அண்ணன் கூப்பிடும் நேரமல்ல, அதனால் எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

"மூணாவது மடிப்புல புகை. காத்து நம்ம பக்கம்." குரலில் பதற்றமே இல்லை.

வனக்காப்பாளர், உடனே எடுத்தார். இசக்கி, எடுத்தான். குழுவில் போட்டேன், பந்தல் படம் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட உடனே பதில் போட்டார்கள். அக்காவுக்கு மட்டும் போகவில்லை. தோப்பில் சிக்னல் கிடையாது.

1.35 பேருந்து. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். அண்ணனை நான்கு முறை கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நான்காவதற்குப் பிறகு கூப்பிடப் பயமாக இருந்தது.

தெருமுனையிலேயே புகை. கண் எரிச்சல். பெண்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் புஞ்சைப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உழவுக் கட்டிகளுக்கு நடுவே கட்டில். மேலே நனைத்த சேலை. தலைமாட்டில் குடை பிடித்தபடி வேலுச்சாமி அண்ணாச்சி, வேட்டியெல்லாம் புழுதி.

போன் வீட்டுச் சுவர்த் திட்டிலேயே கிடந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இசக்கி சொன்னது: நால்வரும் போய்த் தூக்கியிருக்கிறார்கள். இவர் விடவில்லை. 'வைங்கலே, நாலு பேரா தூக்கிட்டுப் போனா அவ வந்து என்னையல்லா ஏசுவா' என்று வேலிப்பக்கம் பொறி பறக்கும்போது மல்லுக்கு நின்றிருக்கிறார். பந்தலில் இருந்து ஓடிவந்த அண்ணாச்சி ஐந்தாவது ஆளாகத் தலைமாட்டைப் பிடித்தாராம். மூன்று வருடம் கழித்து அந்த வாசலில்.

மேலே வனக்காப்பாளரும் தீக்காவலர்களும் தடுப்புக்கோட்டில் இருந்து, வருகிற தீக்குப் புல் மிஞ்சாதபடி எதிர்த்தீ வைத்தார்கள். ஊர் ஆண்கள் பச்சைக் குழையால் அடித்தார்கள். தடுப்புக்கோட்டைத் தாண்டி ஒரு பொறி முள்வேலியில் விழுந்தது. வேலியில் இருந்து ஓலைச் சாய்ப்பு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தாள் எரிகிற நேரத்தில் அது போய்விட்டது. கட்டில் போட்டிருந்த இடத்தில் சாம்பல். பிளாஸ்டிக் குடம் உருகித் தரையோடு நீலமாக ஒட்டிக் கிடக்கிறது. மூன்றரைக்கு மேல் காற்று அடங்கியது. வீட்டுச் சுவர் தப்பியது.

நாலு மணிக்கு அக்கா தோப்பில் இருந்து ஓடிவந்தார். அவர் வந்த வழியில் முதலில் தெரிவது அந்த வாசல்தான். புஞ்சை அல்ல. சாம்பலைப் பார்த்ததும் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டிகளில் தடுக்கியபடி அவரிடம் ஓடினேன். புஞ்சையில் இருந்து முந்திக்கொண்டது அண்ணன்தான்:

"ஏட்டி. இங்கன இருக்கேன்."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கொடை. நான் சங்கரன்கோவில் அலுவலகத்தில், அறிக்கை முடிக்க. புழுக்கம். மின்விசிறி மெதுவாக.

'பாதுகாப்பான இடம்' என்ற கட்டத்தில் எழுதினேன்: உழவு போட்ட புஞ்சை, ஊர் எல்லைக்குள். நிரந்தரக் கட்டடமா? இல்லை. காரணம் எழுத இடம் போதவில்லை. பின்பக்கத்தில் தொடர்ந்தேன்.

'தூக்குபவர்கள்': ஐந்து பெயர். பென்சிலை அழித்துப் பேனாவில்.

காலையில் வனக்காப்பாளர் பேசினார். மடிப்புக்குள் விழுந்த மரங்கள் உள்ளுக்குள் இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கும். நாலைந்து நாள் ஆகும். பலத்த காற்று அடித்தால் மறுபடி கிளம்பலாம். வாணம் இந்த வருடம் வேண்டாம் என்று வேலுச்சாமி அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். சாய்ப்புக்குப் புதிய ஓலை வேண்டாம், தகரம் போட வேண்டும். குறித்துக்கொள்ள.

10.00 மலை சும்மா இருக்கிறது.
12.00 சும்மா இருக்கிறது. அக்கா பொங்கல் வைக்கிறார்.
2.00 அழைப்பு இல்லை.
2.05 இல்லை.
2.10 நானே கூப்பிட்டேன். மேளச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மலை சும்மாத்தான் இருக்கு தங்கச்சி. நீதான் சும்மா இருக்க மாட்டேங்க. சாமி வருது, போன வையி."

வைத்துவிட்டேன். அடுத்தது நாலு மணிக்கு. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எதிர்க் கட்டட மாடியில் காயும் துணிகள் எல்லாம் மேல்காற்றில் கிழக்கே பார்த்துப் பறக்கின்றன.