நாளைக்கு நீ இல்லை என்று சொல்ல வந்தவருக்கு

செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். ஜேர்சி பதினெட்டு. இரண்டு தடவை எண்ணிவிட்டேன், குறைவில்லை.

நானா, நம் உதைபந்தாட்டக் கழகத்தின் ஜேர்சிப் பை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. நீங்கள் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கொமிட்டிக்காரர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டு, "இனி நீதான் கோச்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. பையைத் திறந்தால் உங்கள் த்ரீவீலரின் பின்சீற்று மணம்தான் வருகிறது: பெற்றோல், கருவாடு, உளுக்குக்குப் பூசும் எண்ணெய். துவைத்துத் தரவா என்று தங்கச்சி கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

நாளை லீக்கின் கடைசி மெச். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம். இறங்கினால் அடுத்த வருடம் ஏறலாம், அது என் கவலை இல்லை. பதினொரு பேரைத் தெரிவு செய்துவிட்டேன், அதில் உங்கள் சொந்தத் தம்பி இல்லை. இன்று மாலை அதை அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும்.

மற்றக் கழகங்களில் இது ஒரு வேலையே இல்லை. மெச் தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன் கோச் கிரவுண்டில் நின்று பெயர்களை வாசிப்பார். பெயர் வராதவன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவான். நீங்கள் மட்டும்தான் முதல் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, விலக்கியவனின் வீட்டுக்கே போவீர்கள். விளையாடப் போகிறவர்களுக்கு நாளைக்குத் தெரிந்தால் போதும், விளையாடாதவனுக்கு இன்றைக்கே தெரிய வேண்டும் என்பது உங்கள் கணக்கு. சைலன்சர் கழன்ற உங்கள் த்ரீவீலர் ஒழுங்கைக்குள் திரும்பினாலே பொடியன்மாரின் உம்மாமார் கலங்கிப்போவார்கள். எங்கள் உம்மா ஒருநாள் என் முதுகைப் பிடித்துத் தள்ளியது ஞாபகம் இருக்கிறது. "மகன், கோழிக்கூட்டுக்குப் பின்னால போ. நீ கடலுக்குப் போயிட்டண்டு சொல்லுறன்." நான் காற்றாலையில் மின்சார வேலை பார்க்கிறவன். கடலில் எனக்கு என்ன வேலை? அன்று நீங்கள் பக்கத்து வீட்டுக்குத்தான் வந்தீர்கள்.

நேரில் சொல்லாமல் யாரையும் விலக்க மாட்டீர்கள் என்பது தெரிந்துபோனதும் ஒளிவது ஒரு தந்திரமாகிவிட்டது. நமது லெஃப்ட் பெக் வெங்காயக் கொட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். இரவு இஷா தொழுகை வரைக்கும் அவன் வீட்டுக் கதிரையில் இருந்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் அவனையே இறக்கினீர்கள். இரண்டு கோலும் அவன் பக்கத்தால்தான் வந்தன. எனக்குத் தலை கொதித்தது.

"ஏன் இறக்கின நீங்க? அவன் ஏலாதுண்டு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"சொல்லாம எப்பிடிடா எடுக்கிற?"

"அவன் ஒளிஞ்சவன் நானா! ஏமாத்தினவன்!"

"ஓம். அடுத்த முற முதல்ல கொட்டிலுக்குப் போவம்."

சிரித்தீர்கள். தோற்ற மெச்சுக்குப் பிறகு சிரிக்கிற கோச்சை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்று எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போதும் அந்த முடிவு பிழை என்றுதான் சொல்வேன். செத்தவர் என்பதற்காக நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

கடைசியில் எங்கள் வாசலிலும் த்ரீவீலர் நின்றது. நான் சென்டர் பெக். இருபத்துநான்கு வயது. நீங்கள் உட்காரக்கூட இல்லை. "நாளைக்கு நீ இல்ல. அடுத்த கிழமையும் இல்ல. ஒனக்கு கண்ணு வேகம், காலு காணாது. எனக்குப் பக்கத்துல பெஞ்சில இரு. பாத்துப் பாத்து எனக்குச் சொல்லு." உள்ளே கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி தேத்தண்ணியில் உப்பை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தீர்கள். கோப்பையை வைத்துவிட்டு, "உப்பளத்து ஊர்தானே, அதுக்காக இவ்வளவா?" என்று கேட்டீர்கள். அவள் ஓடிப்போய் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்தது.

அப்படித்தான் நான் உங்கள் பக்கத்து பெஞ்சுக்கு வந்தேன். வந்ததும் என் முதல் ஆலோசனை: வீடு வீடாகப் போவதை நிறுத்துங்கள், வட்ஸ்அப் குரூப்பில் போட்டால் முப்பது செக்கன். நீங்கள் கற்பிட்டி வீதியில் ஓட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "குரூப்பில போட்டா, பாக்கிறவன்ட மூஞ்சிய நீ பாக்க மாட்டாய். அவன் தனியப் பாப்பான்." பெரிய தத்துவம் மாதிரிப் பேசாதீங்க என்றேன். அப்போதுதான் கொழும்புக் கதை வந்தது.

அதுவரை உங்கள் விளையாட்டைப் பற்றி எனக்கு ஊர் சொன்னதுதான் தெரியும். மாவட்ட அணியின் முன்வரிசைக்காரர். கொழும்பில் ஒரு பெரிய கழகம் கூப்பிட்டு எடுத்தது. இரண்டு பருவம் ஆடினார். முழங்கால் போய்த் திரும்பி வந்தார். ஊர் அதை நான்கு வசனத்தில் முடித்துவிடும். நீங்கள் சொன்னது வேறு. ஒரு சனிக்கிழமை உங்கள் வாப்பா முதற் பஸ்ஸில் ஏறி, கொழும்பில் உங்களுக்கு இடம் தந்த வீட்டுக்காரருக்கு ஒரு பொதி கருவாடும் கட்டிக்கொண்டு, மகன் விளையாடுவதைப் பார்க்க வந்தார். நீங்கள் பூட்ஸ் கட்டி முடித்துவிட்டீர்கள். அப்போதுதான் பெயர்கள் வாசிக்கப்பட்டன. உங்கள் பெயர் இல்லை. வாப்பா கருவாட்டுப் பொதியோடு கம்பி வேலி வரைக்கும் இறங்கி வந்து, "மகன், சொகமில்லையா?" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்.

"ஒண்டுமில்ல வாப்பாண்டு சொன்னேன்," என்றீர்கள். "அந்த ஒண்டுமில்லய விடவே ஏலாமப் போச்சுடா. அடுத்த கிழம முழங்கால் வலிச்சிச்சு. கோச் கேட்டார். ஒண்டுமில்ல சேர். இன்னொரு தரம் வெளிய இரிக்க ஏலா. விளையாடினேன். பத்தாவது நிமிஷம் சத்தம் எனக்கே கேட்டிச்சு."

அதற்குப் பிறகு நான் வட்ஸ்அப் பற்றிச் சொல்லவே இல்லை.

நானா, நீங்கள் மௌத் என்ற செய்தி எனக்கு அந்தக் குரூப்பில்தான் வந்தது. நான் காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் இயந்திரப் பெட்டிக்குள் இருந்தேன், தனியே. கீழே கடல். கையில் ஸ்பேனர். 'இன்னா லில்லாஹி' என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தது, யாருக்கு என்று அறிய நான் மேலே தள்ளித் தள்ளிப் போக வேண்டியிருந்தது. ஆளேற்றி ஹயர் போன வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டினீர்களாம். ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டு, பின்னால் இருந்த பெண்ணிடம் திரும்பி, "வேற த்ரீவீல் பாருங்க, எனக்கு ஏலாமப் போகுது" என்றீர்களாம். அந்தப் பெண்ணுக்குக்கூட நேரில்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஏணியால் இறங்கி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. இறங்கியபோது ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது. அது விதிக்கு விரோதம்.

இப்போது உங்கள் தம்பி. மூன்று கிழமையாகப் பார்க்கிறேன். ஓடத் தொடங்குமுன் வலது பின்தொடையைத் தொட்டுக்கொள்கிறான். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறான். கண் வேகமானவனைப் பெஞ்சில் இருத்தியது நீங்கள்தான். புதன்கிழமை கேட்டேன்.

"காலுல என்ன?"

"ஒண்டுமில்ல."

"காட்டு பாப்பம்."

"ஒண்டுமில்லண்டு சொன்னேன்தானே! நானாக்காக விளையாடுறன், ஒனக்கென்ன?"

கொமிட்டித் தலைவரிடம் போனேன். அவர், "மௌத்து வீட்டுப் புள்ளய வெளிய வெச்சா ஊரு என்ன கதைக்கும்? அர மணித்தியாலம் விட்டுட்டு எடு" என்றார். "அர மணித்தியாலத்துல தொட கிழிஞ்சா நீங்க தெச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இனி அவர் என்னோடு கதைக்க மாட்டார். பரவாயில்லை.

தாங்க முடியாதது உங்கள் உம்மா. நேற்றுக் கடைத்தெருவில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "மகன், சனிக்கிழம மெச்ச போன்ல காட்டுவாங்களாமே. இவன் நானாட நம்பரப் போட்டுத்தான் விளையாடுறானாம். நான் ஒரு நாளும் பாக்கல்லயே. இந்த ஒரு தரம் பாக்கணும்." நான் "ஓம் மாமி" என்றேன். ஓம் என்றது மெச்சைக் காட்டுவார்கள் என்பதற்கு. அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் நீங்கள் உங்கள் தம்பியை ஒரு மெச்சுக்கு விலக்கினீர்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வெளியே வந்து த்ரீவீலரை ஸ்டார்ட் பண்ணி, ஒழுங்கையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி, உங்கள் வாசலிலேயே வந்து நிறுத்தி ஸலாம் சொன்னீர்கள். உம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, வீட்டுக்காரனே விருந்தாளியா வாரானே!" என்று தலையில் கைவைத்தார். பின்சீற்றில் இருந்த நான் சிரித்து உருண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. தம்பி வரும்வரை படிக்கு வெளியேதான் நின்றீர்கள். தம்பி வந்தான். கேட்டான். தலையை ஆட்டினான். அடுத்த மெச்சில் விளையாடினான்.

எனக்கு உங்கள் பொறுமை கிடையாது. சொல்ல வேண்டியதை வேகமாகச் சொல்லித் தொலைக்கிற ஆள் நான். ஆனாலும் மெச்சுக்கு முதல் நாள் அஸர் பாங்கு கேட்டால் யாருடைய வாசலுக்குப் போக வேண்டும் என்று மனம் தானாகத் தேடுகிறது. அதை நீங்கள் எனக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். எடுத்துப்போட முயன்றேன், ஏலவில்லை.

ஆகவே செய்யப்போவது:

1. அஸர் தொழுததும் நேராக உங்கள் வீட்டுக்கு. கொமிட்டிக்குப் பிறகுதான் சொல்வேன்.

2. உங்கள் மனைவி இத்தாவில் இருக்கிறார், அந்நிய ஆண்கள் முன் வராத துக்கக் காலம். வாசலிலேயே நின்று ஸலாம் சொல்வேன். உம்மாதான் முதலில் வருவார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிடும். ஆனாலும் என் வாயால் சொல்வேன்.

3. தம்பியிடம் முதல் வசனம்: நாளைக்கு நீ இல்லை. இரண்டாவது: உன் பின்தொடை. மூன்றாவது வசனம் கிடையாது. உங்கள் பெயரை இழுக்க மாட்டேன்.

4. ஏசினால் கேட்பேன். அடித்தால் வாங்குவேன். அழுதால், அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. நிற்பேன்.

5. நாளைக் காலை மறுபடி போவேன், அவனைக் கிரவுண்டுக்கு ஏற்றிக்கொண்டு போக. ஹோர்ன் அடிக்க மாட்டேன். அவனாக வெளியே வரும்வரை வெயிலில் நிற்பேன்.