முழங்காலுக்கு முழங்கால்

மார்ச் 9, 1738

பனியில் புகையிலை நாற்று பாதி கருகிவிட்டது. போகட்டும். சட்டசபையில் காலியாக இருக்கும் என் இடத்துக்குத் தேர்தல் என்று ஷெரிப் நீதிமன்றக் கதவில் ஒட்டிவிட்டார். நிற்பவன் யார்? அம்ப்ரோஸ் கெட்டில்பி. வேறு யார்!

என் வீட்டு மேசையில் என் வாத்துக்கறியைத் தின்றவன். "சபையில் இருப்பதெல்லாம் ஆளுநரின் ஆட்டுமந்தை" என்று நான் அன்று சொன்னதை தலைநகர் வில்லியம்ஸ்பர்க் வரை சுமந்துபோய்ச் சேர்த்தவன். அவனால்தான் சபை நடுவே மண்டியிட்டு, என்னோடு உட்கார்ந்திருந்தவர்களிடமே மன்னிப்புக் கேட்டேன். அப்படியும் வெளியே தள்ளினார்கள். அந்தத் தரையின் குளிர் இன்னும் முழங்காலை விட்டுப் போகவில்லை.

நானும் நிற்கிறேன். அந்த இடத்தைப் பிடிப்பேன். பிடித்து, அவனை அதே தரையில் மண்டியிட வைப்பேன்.

மார்ச் 15

"ஏங்க, அவர் என்ன இல்லாததையா சொன்னார்? நீங்க சொன்னதைத்தானே சொன்னார்" என்கிறாள் ஜூடித். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மார்ச் 22

கெட்டில்பி ஊருக்கே ரம் ஊற்றுகிறான். வாக்குக்காகச் சாராயம் கொடுப்பது சட்டப்படி குற்றம். நானும்தான் ஊற்றுகிறேன் — ஊற்றாதவனை இங்கே எவன் மதிப்பான்? ஆனால் அவன் ஊற்றியதற்குச் சாட்சி என் கையில். அவன் தோற்றுப்போனாலும் சபை அவனை இழுத்துவந்து நிறுத்தும். நான் உள்ளே இருந்தால் போதும்.

வாக்காளர் விருந்துக்குப் பன்றி சுடுவதற்கு அடிமைகளை வயலிலிருந்து வரவழைத்தாயிற்று. அவர்களுக்கு ஓட்டா இருக்கிறது, எலும்போடு சரி.

மார்ச் 30

இன்று தேர்தல். எழுதிவிடுகிறேன்.

மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கெட்டில்பி, நடுவில் ஷெரிப். ஒவ்வொருவனும் வந்து தனக்கு வேண்டியவன் பெயரை உரக்கச் சொல்வான். பெயருக்குரியவன் எழுந்து, குனிந்து, நன்றி சொல்ல வேண்டும். எழுந்து எழுந்து இடுப்பு விட்டுப்போயிற்று. கொல்லன் ஸ்ப்ரூயல் தள்ளாடிக்கொண்டு வந்தான். "கர்னல் கெட்டில்பிக்குத்தான் என் ஓட்டு! யாரு ரம்முன்னு கேக்காதீங்க, ரெண்டு பேருதும் உள்ள கெடக்கு." ஒரே சிரிப்பு.

பொழுது சாயும்போது இருவருக்கும் சமம். பாக்கி நாங்கள் இரண்டு பேர்தான்.

எதிராளிக்கே தன் ஓட்டைப் போடுவது இங்கே கண்ணியமான வழக்கம். என் அப்பா அப்படித்தான் போட்டார். கெட்டில்பி முதலில் எழுந்தான். "என் ஓட்டு பக்கத்துத் தோட்டக்காரர் ப்ரூயெட் ஐயாவுக்கு." பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

இப்போது என் முறை. நான் அவன் பெயரைச் சொன்னால் மறுபடி சமம். சமமானால் ஷெரிப் வைத்ததுதான் முடிவு. ஷெரிப் யார்? கெட்டில்பியின் மச்சினன். இதற்காகவா இவ்வளவு காலம் பொருமிக்கொண்டிருந்தேன்?

"நத்தேனியல் ப்ரூயெட்" என்றேன்.

ஷெரிப் எழுதாமல் என்னையே பார்த்தார். "ஐயா... நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சாச்சு. எழுதுய்யா!"

பின்னாலிருந்து அந்தக் கொல்லன் கத்தினான்: "அப்ப எந்திரிங்க! உங்களுக்கு நீங்களே நன்றி சொல்லிக்கோங்க!"

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். கெட்டில்பி மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெயித்தவனைத் தோளில் தூக்கிச் சாராயக்கடைக்குக் கொண்டுபோவார்கள். நான் நடந்தே என் குதிரைக்குப் போனேன். இருக்கட்டும். இடம் என்னுடையது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

மே 3, வில்லியம்ஸ்பர்க்

பழைய பெஞ்சு. பக்கத்தில் அதே கிழவர் பெவரில். அன்று மண்டியிட்ட நான் எழ முடியாமல் தடுமாறியபோது, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் அவர் ஒருவர்தான். இன்று தலையை மட்டும் ஆட்டினார்.

மே 6

இன்று சபையில் பேச எழுந்தேன். கெட்டில்பி சாராயம் கொடுத்து வாக்கு வாங்கினான், சாட்சி உண்டு, அவனைப் பிடித்துவந்து இந்தத் தரையில் மண்டியிட வைத்து மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்றேன். மண்டியிட என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னேன். இனித்தது.

"இதை வழிமொழிபவர் யார்?" என்றார் சபைத் தலைவர்.

ஒருவரும் எழவில்லை. பெவரிலைப் பார்த்தேன். அவர் மூக்குப்பொடி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் மறுபடி கேட்டார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:

"அவரே வழிமொழிஞ்சுக்கட்டுமே! அவருக்குத்தான் பழக்கமாச்சே!"

எனக்கு நானே ஓட்டுப் போட்ட கதை எனக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. யார் சுமந்து வந்தது? கெட்டில்பியா? இல்லை. ஊரே சுமந்திருக்கிறது. சபை மொத்தமும் சிரித்தது. தலைவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பெவரிலின் தோள் குலுங்கியது, என் தோளை இடித்தபடி.

மண்டியிட்ட அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

மே 7

மழை. சபைக்குப் போனேன். பெவரில் எதிர் வரிசைக்கு மாறிவிட்டார். பெஞ்சில் இடம் தாராளமாக இருக்கிறது.