ஆரஞ்சு நிறத்தில் ஒரு வரி

அக்கா,

இன்று காலை சமையலறையில் விளக்கு வெட்டி வெட்டி மின்னியது. ரசத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். உன் அழைப்பு மணிதான். நீ எங்களை விட்டுப் போன பிறகு உன் புக்கிட் மேரா வீட்டைக் காலி செய்தபோது ஆளாளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். நான் இதைத்தான் கேட்டு வாங்கினேன். சத்தமே போடாத மணி. வாசலில் யாராவது பொத்தானை அழுத்தினால் வீட்டுக்குள் வெளிச்சம் பளிச்சிடும், அவ்வளவுதான். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. இருந்தாலும் ஆங் மோ கியோவில் என் வீட்டு மணியைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் மிரண்டுபோய், "என்ன, வயரிங் கோளாறா?" என்று கேட்டால், "இல்லை, எங்க அக்கா" என்று சொல்லிவிடுகிறேன்.

வந்தவன் கூரியர்க்காரன். அலுவலகத்திலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்துவிட்டுப் போனான். நம் கார்ட்டூன் அத்தனையும் அதில் இருக்கிறது: மைனா, பூனை, நீர்நாய், உடும்பு எல்லாம் ஒரே அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்து நாள் முழுக்கச் சண்டை போடுமே, அது. கூடவே ஒரு மின்னஞ்சல். வசன வரிகளில் உள்ள நிறங்களையெல்லாம் எடுத்துவிட்டு வெள்ளையாக்கித் தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. வழியட்டும் என்று நின்றேன்.

உனக்குத் தெரியும், இது நேற்று ஆரம்பித்த கதை இல்லை. ஏழு வயதில் வந்த காய்ச்சல் உன் காதைக் கொண்டுபோன பிறகு, டிவி முன்னால் நான்தான் உனக்குக் குரல். படத்தின் கீழே வசனம் ஓடும், நீ படித்துவிடுவாய். ஆனால் யார் சொன்னது என்று தெரியாது. கரடியும் நரியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், கீழே "நான் திருடவில்லை" என்று வரும். சொன்னது எது? கார்ட்டூன் மிருகங்களின் வாயைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, அவை என்ன சொன்னாலும் ஒரே மாதிரிதான் வாயைத் திறந்து மூடும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். கரடி பேசினால் உன் தோளில் தட்டுவேன். நரி பேசினால் முழங்கையில் கிள்ளுவேன். நரிதான் அதிகம் பேசும். உன் முழங்கை எப்போதும் சிவந்தே இருக்கும்.

ஒருநாள் கீழே விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ டிவியை அணைத்துவிட்டு அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாய்.

"நீ இல்லாட்டி எனக்குப் படம் இல்லையா?" என்று கேட்டாய். உன் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர் போட்டா என்ன? அவங்ககிட்ட கலரே இல்லையா?"

வளர்ந்து வசன வரி போடும் இந்த வேலைக்கு வந்தேனே, அதுதான் பதில்.

மாமா ஒருமுறை வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "காது கேக்காத புள்ளைக்கு எதுக்கு லா தமிழ்? ஸ்கூல்லயே வேணாம்னு விட்டுட்டாங்க. இங்கிலீஷ் போதும்" என்று சொன்னார். நீ அவர் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தாய் என்பது அவருக்குத் தெரியாது. "மாமா, எங்கம்மா என்னைத் திட்டுறது தமிழ்ல. என்ன திட்டுறாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றாய். அம்மா சிரித்த சிரிப்பில் மாமாவின் காப்பி ஆறிப்போனது. பள்ளிக்கூடம் சொல்லித்தராத தமிழை நீ வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டாய், அம்மாவிடம் பாதி, டிவியின் அடிவரியில் மீதி.

நீ இப்படித்தான் இருந்தாய். எம்ஆர்டி ரயிலில் நீ பேசினால் பெட்டி முழுக்கத் திரும்பும். ஒரு பெண் உதட்டில் விரலை வைத்து உன்னை அடக்கப் பார்த்தாள். நீ என் பக்கம் திரும்பி, முன்னைவிடச் சத்தமாக, "நான் கத்துறேனா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாய். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னோடு போகும்போது ஒருநாளும் எனக்கு வெட்கமாக இருந்ததில்லை அக்கா. பெருமையாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் "சரி சரி" என்று தள்ளியிருக்கிறாய்.

இந்தக் கார்ட்டூன் தமிழில் குரல் கொடுக்க எங்கள் சின்ன நிறுவனத்துக்கு வந்தபோது, காது கேளாத பிள்ளைகளுக்காகத் தமிழ் வசன வரியும் போட வேண்டும் என்றார்கள். நான் நிறம் கேட்டேன். பழைய மேனேஜர், "கலர்பிளைண்டா இருக்கிற பிள்ளைங்க என்ன செய்வாங்க?" என்று ஒரு முட்டுக்கட்டை போட்டார். பரிசோதித்துப் பார்க்க உன்னை அழைத்து வந்திருந்தேன். நான் சைகையில் சொல்லி முடிப்பதற்குள் நீ அவருக்குப் பதில் சொல்லிவிட்டாய். "அவங்களையும் கூப்பிடுங்க. அவங்களுக்கும் சேத்து யோசிப்போம். என்னைக் கழிச்சு விடுறதுக்கு அவங்கள இழுக்காதீங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறம் வந்தது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளைகளுக்காக, ஆள் மாறும் இடத்தில் ஒரு சின்னக் கோடும் வந்தது. அதுவும் உன் யோசனைதான்.

எந்த நிறம் என்பதை நாம் முடிவு செய்த இடம் தேக்காவில் ஒரு வளையல் கடை. கம்ப்யூட்டரில் எல்லா நிறமும் அழகாகத்தான் இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும் என்றாய். கறுப்புத் துணி மேல் கண்ணாடி வளையல்களைப் பரப்பச் சொல்லிவிட்டு, கடைக்கு எதிரே போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய். சிவப்பு கறுப்பில் அமுங்கிப் போனது, தள்ளுபடி. கருநீலமும் தள்ளுபடி. மைனாவுக்கு மஞ்சள், பூனைக்கு வெளிர்நீலம், நீர்நாய்க்குப் பச்சை, உடும்புக்கு வெள்ளை. கடைக்கார அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டார். நான் அதை உனக்குச் சைகையில் சொன்னேன். "மைனாவுக்கு" என்றாய் நீ. ஆரஞ்சும் தூரத்தில் நன்றாகத் தெரிந்தது. அந்த வளையல்களை மட்டும் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு, "இத எவனுக்கும் குடுக்காத. இது என்னோடது" என்றாய்.

தப்பும் செய்தோம். பூனை கதவுக்குப் பின்னால் நின்று நீர்நாயின் குரலில் பேசி உடும்பை ஏமாற்றும் காட்சி. காது கேட்கிற பிள்ளைகள் நீர்நாய் என்றே நம்புவார்கள். நான் பழக்கதோஷத்தில் பூனையின் வெளிர்நீலத்தைப் போட்டுவிட்டேன். குட்டு முதலிலேயே உடைந்துவிட்டது, வரியைப் படிக்கிற உங்களுக்கு மட்டும். நீ திரையைப் பார்த்து அப்படிச் சிரித்தாய். மாற்றப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"மத்த நேரமெல்லாம் காது கேக்குறவங்களுக்குத் தெரியிறப்பதான் எங்களுக்கும் தெரியணும், முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். அதான் நியாயம். ஆனா இந்த ஒரு தடவை நாங்க முந்திக்கிறோம். விட்டுடுடி."

விட்டுவிட்டேன். இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை, உங்கள் ஆட்களைத் தவிர.

அப்புறம் அந்த இருட்டுக் காட்சி. புளோக்கில் மின்சாரம் போய்விடும். திரையில் வெறும் கண்கள் மட்டும் தெரியும், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நடுவில் மேல்மாடியிலிருந்து ஒரு பெண் அதட்ட வேண்டும். அந்தப் பெண் படத்தில் எங்குமே வரமாட்டாள், குரல் மட்டும்தான். அன்று பேச வேண்டியவர் வரவில்லை. நீ பதிவு அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். ஒலிப்பதிவு செய்கிறவருக்கு என்ன தோன்றியதோ, "உங்க அக்காவ உள்ள அனுப்புங்க" என்றார். மைக் முன்னால் நின்றாய். எதிரே நின்று நான் கையை இறக்கி, பேசு என்று சைகை காட்டினேன். எழுதியிருந்த வசனம் "யாரது, சத்தம் போடாதீங்க" என்பது. நீயா அதைச் சொல்வாய்?

"லைட்டப் போடுங்க! யாரு பேசுறதுன்னே தெரியல!"

உன் குரல் எப்போதும் போலத்தான் வந்தது, தட்டையாக, உரக்க, கொஞ்சம் கரடுமுரடாக. ஒருவர் தயங்கி, "பிள்ளைங்களுக்குப் புரியுமா?" என்றார். "கீழ எழுதியிருக்கும்ல, படிச்சுக்கட்டும்" என்று நீ சொன்னதும் அறையே சிரித்தது. அந்த வரிக்கு நான் ஆரஞ்சு போட்டேன். மொத்தத் தொடரிலும் அந்த நிறம் அங்கே மட்டும்தான்.

போன வாரம் கூட்டம் நடந்தது அக்கா. இப்போது புது மேனேஜர், தினேஷ் என்று ஒரு இளைஞர். மரியாதையான பிள்ளைதான், அதுதான் இன்னும் எரிச்சல். "இப்பல்லாம் ஆட்டோ கேப்ஷன், மிஸ் விமலா. சிஸ்டமே வரியைப் போட்டுடும், ஒயிட் மட்டும்தான் எடுக்கும். பழசையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டா ஈஸி லா" என்றார். நான் ஒலியை அணைத்துவிட்டு, நிறம் எடுத்த இருட்டுக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். கறுப்புத் திரை, சில கண்கள், வெள்ளை வெள்ளையாக வரிகள். "இதுல பூனை சொன்னது எது, சொல்லுங்க" என்றேன். யாராலும் சொல்ல முடியவில்லை. அதோடு எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைக்கிறாயா? "நல்ல பாயிண்ட்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். கடைசியில் தினேஷ் வந்து, "அந்த ஆரஞ்சு லைன் யாரு? அப்படி ஒரு கேரக்டரே இல்லையே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கோபத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவர்கள் சுலபமாகச் சொல்கிறார்கள். வெள்ளையாக்கிவிட்டால் அந்த வரியை மைனா சொன்னதாக நினைக்கலாம், உடும்பு சொன்னதாக நினைக்கலாம். மேல்மாடியில் அப்படி ஒருத்தி இருந்ததே எந்தக் காது கேளாத பிள்ளைக்கும் தெரியாமல் போகும். கேட்கிறவர்களுக்கு உன் குரல் மிஞ்சும். யாருக்காகப் பேசினாயோ அவர்களுக்கு மட்டும் நீ இருக்கமாட்டாய். இதைச் செய்ய என் கையே வேண்டுமாம்.

உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியதில்லை.

மத்தியானம் தினேஷுக்குப் போன் போட்டேன். "தம்பி, ஒரு வரியையும் நான் தொடலை. டிஸ்க் அப்படியே திரும்பி வருது."

"மிஸ் விமலா, அப்படிச் சொன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாருங்க. ஆனா எடுக்குறவங்க முதல்ல சத்தத்த அணைச்சுட்டு, தொடர் முழுசும் ஒரு தடவை பாத்துட்டு எடுக்கட்டும். அப்புறமும் மனசு வந்தா எடுக்கட்டும். நானா எடுக்கமாட்டேன். இன்னைக்கும் இல்ல, வெள்ளிக்கிழமையும் இல்ல."

அவர் மெல்லக் கேட்டார், "அந்த ஆரஞ்சு யாருன்னு இன்னும் சொல்லலையே?"

"எங்க அக்கா" என்றேன்.

வேலை இருக்குமா போகுமா தெரியவில்லை. போனால் போகட்டும். டிஸ்கை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால், உனக்குத் தெரிகிற மாதிரி ஒலியை அணைத்துவிட்டு அந்த இருட்டுக் காட்சியை ஒருமுறை பார்த்தேன். கறுப்புத் திரை. மஞ்சள் கத்தியது, பச்சை கத்தியது, வெளிர்நீலம் பொய் சொன்னது. அப்புறம் மேலேயிருந்து நீ வந்தாய். சத்தமே இல்லாத அறையில் உன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. லைட்டப் போடுங்க, யாரு பேசுறதுன்னே தெரியல. போட்டுத்தான் வைத்திருக்கிறேன் அக்கா. யார் வந்து கேட்டாலும் அணைக்கப் போவதில்லை.

உன் தங்கை,
விமலா